நலம் தெரிந்த பிறகு



கிறிஸ்தவ நற்பண்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் மலர்க் குழுவினர் என்னைக் கேட்டார்கள். "ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நீ ஒருவன்தானே" என்று காரணமும் சொன்னார்கள். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்லிப் பழகியவர்கள். திருப்பதியில் நின்றுகொண்டு "கோயிலுக்குப் போய் வருகிறேன்" என்றால் எந்தக் கோயில் என்று யார் கேட்கப் போகிறார்கள்? முதலாண்டில் ஒருவர் என்னிடம் லட்டு கேட்டுவிட்டார். அது கிடக்கட்டும். எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேனே தவிர, மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை. இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்னும் ஐயமே காரணம். அந்த ஐயத்தையே முதலில் எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நான் என் கட்டிலை நகர்த்தினேன்.

எங்கள் விடுதி அறையில் மூவர் இருந்தோம். ஒருவன் குப்பம் என்னும் ஊரைச் சேர்ந்தவன். ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றின் எல்லையும் நெருங்கி வரும் மூலை அது. இன்னொருவன் நகரியைச் சேர்ந்தவன், தறிக் குடும்பம். நான் சித்தூரிலிருந்து வந்தவன். ஆனால் சித்தூர் எங்கள் பூர்விகம் அன்று. மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் இயந்திரம் பார்க்கும் வேலைக்காக என் தந்தையார் திருநெல்வேலியை விட்டு வந்தார். நான் அங்கே வளர்ந்தேன். மூவரும் தமிழர், மூவர் பேசும் தமிழும் வேறு. இரவில் விளக்கை அணைத்த பிறகும் ஒருவர் சொல்லை ஒருவர் கேலி செய்துகொண்டு கிடப்போம்.

குப்பம் நண்பனுக்கு இருமல் கண்டது. புழுதி என்றான். பிறகு விடுதிச் சாப்பாடு என்றான். மாலையில் காய்ச்சல் வந்தது. சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. சளியைச் சோதித்தார்கள். காசநோய் என்று முடிவாயிற்று. அவன் அந்தச் சீட்டோடு அறைக்கு வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எங்களிடம் மறைக்காமல் சொன்னான்.

நான் என்ன செய்தேன்? "கவலைப்படாதே, உனக்காக ஜெபிக்கிறேன்" என்றேன். உண்மையாகவே அன்றிரவு ஜெபித்தேன். நான்காம் நாள், தேர்வு நெருங்குகிறது, தனியாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி, பக்கத்து அறையில் காலியாக இருந்த இடத்துக்குக் கட்டிலை எடுத்துச் சென்றேன். இரும்புக் கட்டில், ஒருவரால் தூக்க முடியாது. மறுமுனையைத் தூக்கிக் கொடுத்தவன் அவனே. வாசற்படியில் சற்று நின்று இருமிவிட்டு, மறுபடியும் தூக்கினான்.

நான் நுண்ணுயிரியல் பயிலும் மாணவன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காசக் கிருமிக்குச் சாயம் ஏற்றி, நீலப் பின்னணியில் சிவந்த குச்சிகளாகத் தெரிவதை வரைந்து காட்டி, மதிப்பெண் வாங்கியவன். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று ராபர்ட் காக் இந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்ததிலிருந்து இன்று வரை நடந்தவற்றைத் தேர்வில் எழுதக்கூடியவன். அந்த அறிவு எனக்கு அன்று உதவவில்லை. சரியாகச் சொன்னால், அறிவு இருந்தது, நான் அதனிடம் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அது என்ன சொல்லியிருக்கும்? நம் சென்னையில் நடந்த ஒரு பெரும் சோதனையை நினைவூட்டியிருக்கும். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி நடத்திய நிலையம் அது. சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்லுணவு, மருந்து. மற்றொரு பிரிவுக்கு அதே மருந்து மட்டும். இருப்பு நெரிசலான தங்கள் வீட்டிலேயே. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தால், இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்திருந்தார்கள். 1959-இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிவிட்டது. அதைவிட எனக்குச் சுடுவது இன்னொரு முடிவு. வீட்டில் மருந்துண்டவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த உறவினர்க்கு, சானடோரியத்துக்குச் சென்றவர்களின் உறவினரைவிட நோய் மிகுதியாக வரவில்லை. தொற்றும் ஆபத்து பெரும்பாலும் நோய் தெரியவருமுன் கழிந்துவிடுகிறது; மருந்து வயிற்றுக்குள் போகத் தொடங்கியதும் விரைவாகக் குறைகிறது. அதாவது, அவன் இருமிக்கொண்டிருந்த ஆறு வாரமும் அருகே படுத்திருந்தேன். மருந்து தொடங்கிய பிறகு ஓடினேன்! விஞ்ஞானமும் தெரியாமல், வேதமும் தெரியாமல் ஒருவன் செய்யக்கூடியதை இரண்டும் தெரிந்த நான் செய்தேன்.

நகரி நண்பன் நகரவில்லை. அவன் படிப்பது பொருளாதாரம். கிருமியைப் பற்றி அவன் அறிந்தது, சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், முதல் சில வாரம் நோயாளி முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்று நிலையத்தில் சொல்லி அனுப்பியது மட்டுமே. மாதம் ஒருமுறை அலிபிரியிலிருந்து படியேறித் திருமலைக்குப் போகிறவன். மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட அந்தப் படிகளை ஏறிவிட்டு வந்து, கால் வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் கதவின் பின்புறம் ஒரு நாட்காட்டியை மாட்டினான். காலை ஆறரைக்கு, "எழுந்திருடா" என்பான். வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை. அவன் விழுங்கியதும் நாட்காட்டியில் தன் முதலெழுத்தைப் போடுவான். பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்குச் சுவர் வழியே கேட்கும் ஓசை அது: தண்ணீர்ச் செம்பின் ஓசை, பிறகு பேனா மூடியின் ஓசை.

தோழர்களே, பவுல் அடிகள் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனி என்று ஒன்பது பண்புகளை வரிசைப்படுத்துகிறார். அன்பு, சந்தோஷம், சமாதானம் என்னும் மூன்றுக்கு அடுத்து நான்காவதாக நிற்பது நீடிய பொறுமை. நம் பிரசங்கங்களில் இந்த நான்காவதற்கு நல்ல காலமே இல்லை. துன்பத்தைச் சகித்துக்கொள்வது என்று பொருள் சொல்லி, அதை மாமியாரிடம் அகப்பட்ட மருமகள்களுக்கும் கடன்பட்ட ஏழைகளுக்கும் ஒதுக்கிவிடுகிறோம். வேண்டாத சுமையை வாய்மூடிச் சுமப்பதுதான் அதன் பொருள் என்றால் எனக்கு அப்பண்பு வேண்டாம். நான் புரிந்துகொண்ட பொருள் வேறு. அதைக் கற்பித்தது பிரசங்கம் அன்று, அந்த மருந்து.

மூன்றாம் மாதத்தில் குப்பம் நண்பன் நலமடைந்துவிட்டான். அதாவது, நலமடைந்துவிட்டதாக உணர்ந்தான். இருமல் நின்றது. ஐந்து கிலோ எடை ஏறியது. ஊட்டத்துக்கென்று அரசு மாதந்தோறும் தரும் ஆயிரம் ரூபாயில் முட்டையும் வேர்க்கடலையும் வாங்கித் தின்று கன்னம் தெளிந்தது. "இனி எதற்கடா இந்த மாத்திரை? வாயெல்லாம் கசக்கிறது; சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது; நோயாளி என்ற நினைப்பே இந்த மாத்திரையால்தான் வருகிறது" என்றான். நகரி நண்பன் வாதாடவில்லை. "ஆறு மாதம் என்றுதானே சொன்னார்கள்?" என்று செம்பை நீட்டினான். மறுநாளும் அதே பேச்சு, அதே பதில். இவ்வாறு பத்து நாள் போயிற்று என்று நினைக்கிறேன். நான் சுவருக்கு இப்பால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் என் பாடம் சற்று உதவும். குடலில் வாழும் சாதாரணக் கிருமியொன்று நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசக் கிருமிக்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் வேண்டும். ஆய்வுக் கூடத்தில் அதை வளர்த்துப் பார்க்கப் பல வாரம் காத்திருக்க வேண்டும். விரைவாகப் பெருகும் கிருமிகளை மருந்து முதல் சில வாரங்களிலேயே கொன்றுவிடுகிறது. நோயாளிக்கு நலம் தெரிகிறது. ஆனால் சில கிருமிகள் அசையாமல், பெருகாமல், உறங்குவதுபோல் கிடக்கின்றன. மருந்து பெரும்பாலும் விழித்திருப்பதையே கொல்லும். உறங்குவதை அது விழிக்கும்போது பிடிக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து என்பது அதற்காகத்தான். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் திரும்பக்கூடும். ஆகவே முதல் இரண்டு மாதம் மருந்துண்பது அச்சத்தால். அதற்குப் பெரிய பண்பு வேண்டியதில்லை. நலம் தெரிந்த பிறகு வரும் நான்கு மாதத்துக்குத்தான் வேண்டும்.

நம் ஆன்மிக வாழ்க்கையைப் பற்றி எனக்குள்ள குறையும் இதுவே. எங்களிடம் தொடக்கங்கள் நிறைய உண்டு. உயிர்மீட்சிக் கூட்டம் நடக்கும், கண்ணீர் வரும், தீர்மானம் எடுப்போம், சாட்சி சொல்வோம். பிற சமயத்தாருக்கும் இது புதிதன்று. மாலை போட்ட நாளில் இருக்கும் ஒழுக்கம் மாலையைக் கழற்றிய மறுநாள் எங்கே போகிறது என்று என் இந்து நண்பர்களே சிரித்துக்கொள்வார்கள். கூட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணீர் வந்த இரவில் நமக்கு நலம் தெரிகிறது. பழைய கோபமும் பொய்யும் பொறாமையும் செத்துவிட்டன என்று எண்ணுகிறோம். அவை உறங்குகின்றன.

வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைச் சித்தூர்ப் பக்கத்துத் திருச்சபைகளில் கேளாதவர் இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவ வேதனையில் கிடந்த தம் பெண்களுக்கு உதவ வருமாறு அழைத்ததும், ஆண் மருத்துவரை அனுமதிக்க மறுத்ததால் மூவரும் மாண்டதும், அந்த இரவே இளம் ஐடாவின் வாழ்வை மாற்றியதும் ஞாயிறு பள்ளியில் ஆண்டுதோறும் சொல்லப்படும். சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் அந்த இரவோடு கதை முடிந்துவிடுகிறதே! அவர் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் இந்தியாவுக்குத் திரும்பினார்; 1960-இல் இறந்தார். அறுபது ஆண்டுகள். 1909 முதல் வாரந்தோறும் ஒரு குறித்த நாளில், வேலூரிலிருந்து புறப்பட்டு, சாலையோர மரநிழல்களில் வண்டியை நிறுத்தி நிறுத்திப் புண் கழுவி மருந்து கட்டினார். சென்ற வாரம் கட்டிய அதே புண் இந்த வாரம் மறுபடி அழுக்கேறி வரும். மறுபடி கழுவ வேண்டும். அந்த வாராந்தரச் சாலையைப் பற்றி எனக்கு யாரும் பிரசங்கம் செய்ததில்லை.

தசரா விடுமுறையில் நான் மதனப்பள்ளிக்குப் போனேன். அங்கே எனக்கு உறவினர் யாரும் இல்லை. மனம் சரியில்லை, அவ்வளவுதான். திருப்பதியிலிருந்து பீலேர் வழியாகப் பேருந்து போகிறது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்னும் இடம் உண்டு. 2022-இல் மாவட்டங்கள் பிரியும் வரை அது நம் சித்தூர் மாவட்டம். பல மிஷன் சங்கங்கள் தங்கள் வேற்றுமைகளை ஒதுக்கி வைத்து, 1912-இல் கூட்டாகத் தொடங்கிய காசநோய்ச் சானடோரியம் அங்கே 1915 முதல் நடந்தது. டென்மார்க்கிலிருந்து மிஷன் மருத்துவராக வந்த கிறிஸ்தியான் பிரிமோட் மோலர் அதன் முதல் தலைவர். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். வறண்ட, தெளிந்த காற்று. இன்று அது பொது மருத்துவமனையாகவும் செவிலியர் பள்ளியாகவும் நடக்கிறது. நான் மரங்களின் கீழே சுற்றி வந்தேன். யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை.

அந்த நாளில் காசநோய்க்கு மருந்தே கிடையாது என்பதை எண்ணிப் பாருங்கள். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல். அதற்கு முன் முப்பதாண்டுக் காலம் அங்கே இருந்தவர்களிடம் இருந்தது என்ன? படுக்கை, காற்று, பால், வெப்பமானி, எடை பார்க்கும் கருவி, சிலருக்கு அறுவைச் சிகிச்சை. காலையில் காய்ச்சல் பார்த்து எழுதுவது. மாலையில் பார்த்து எழுதுவது. மாதக்கணக்கில் ஒருவன் படுத்திருப்பான். அவன் தேறுவானா என்பது தெரியாது. ஆயினும் மாலையில் பார்த்து எழுதுவது.

இன்னும் ஒன்று. கிறிஸ்தியான் மோலரின் மகன் யோஹான்னஸ் பிரிமோட் மோலரும் மருத்துவர். 1948-இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கம் தொடங்கிய முதல் இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று. 1950 முதல் 1955 வரை அவருடைய குழுவினர் மதனப்பள்ளி நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் மக்களைத் திரும்பத் திரும்பச் சோதித்து, எக்ஸ்ரே எடுத்து, நோய் ஊரில் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட்டார்கள். படுக்கையில் கிடந்தவர்களைக் காத்த நிலையம், படுக்கைக்கு வராதவர்களைத் தேடி ஊருக்குள் சென்றது. சில ஆண்டுகளில் சென்னைச் சோதனையின் முடிவும் வந்தது: மருந்து இருந்தால் சானடோரியப் படுக்கை தேவையில்லை! நாற்பதாண்டுகள் கட்டி வளர்த்த முறை தேவையற்றதாயிற்று என்று கேட்பது எளிதா? நான் செய்த சோதனை தவறென்று என் பேராசிரியர் சொன்னாலே எனக்கு இரண்டு நாள் சோறு இறங்குவதில்லை. முறை போயிற்று. ஆனால் ஒன்று போகவில்லை. சென்னை நிலையத்தார் வீடு வீடாகச் சென்று, நோயாளி மருந்தை உண்டாரா என்று பார்த்தார்கள். காலையில் பார்த்து எழுதுவது, மாலையில் பார்த்து எழுதுவது என்னும் அந்தப் பழைய வேலை படுக்கையை விட்டுத் தெருவுக்கு வந்தது. இன்று எங்கள் விடுதி அறைக் கதவின் பின்புறம் வரை வந்திருக்கிறது.

அப்படியானால் இதைக் கிறிஸ்தவப் பண்பு என்று சொல்வது தகுமா? நாட்காட்டியில் எழுத்திட்டவன் திருமலைக்குப் படியேறுகிறவன் ஆயிற்றே! இந்தக் கேள்வியைக் கண்டு நான் அஞ்சவில்லை. இதே திருப்பதியில் 1896 முதல் 1900 வரை லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்த ஒரு சிறுவன் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்றான். இந்து சமயத்தின்மீது அங்கே கேட்ட கண்டனங்கள் அவன் மனத்தை உறுத்த, வேதாந்தத்துக்கு ஒழுக்க நெறி உண்டு என்று நிலைநாட்ட ஒரு கட்டுரையே எழுதினான். அது 1908-இல் அச்சாயிற்று. அதைப் படித்துப் பாராட்டிச் சான்று கொடுத்தவர் ஏ. ஜி. ஹாக் என்னும் ஸ்காட்லாந்து மிஷனரிப் பேராசிரியர். மாணவர் யாரென்று சொல்ல வேண்டுமா? சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். தம் சமயத்துக்கு எதிர்வாதமாக வந்த நூலிலும் உண்மை இருந்தால் உண்மை என்று கையெழுத்திட்ட ஹாக்கைத்தான் நான் நல்ல கிறிஸ்தவர் என்பேன். நகரி நண்பனிடம் நான் கண்டதை எங்கள் வேதம் நீடிய பொறுமை என்கிறது. வள்ளுவரைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார். கனி எந்த மரத்தில் பழுத்தாலும் கனிதான். மரத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்த என் நிலைதான் இடைஞ்சல்.

ஐந்தாம் மாதத்தில் பழைய அறைக்குப் போய், "திரும்பி வரட்டுமா?" என்று கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன், அது நான் ஒத்திகை பார்த்ததுபோல் அழகாக வரவில்லை. குப்பம் நண்பன் சிரித்தான். "இப்போது எதற்கடா? எனக்குத்தான் சரியாகிவிட்டதே!" என்றான். அவன் குத்திப் பேசவில்லை; உள்ளதைச் சொன்னான். எனக்குத்தான் குத்தியது. பிறகு, "கட்டிலைத் தனியாகத் தூக்காதே" என்று எழுந்து வந்தான்.

அடுத்த மாதம் நகரி நண்பனின் தங்கைக்குத் திருமணம். பதினொரு நாள் ஊரில் இருக்க வேண்டும் என்று பேனாவை என்னிடம் கொடுத்துச் சென்றான். காலை ஆறரை மணி; நான்கு மாத்திரை; ஒரு முதலெழுத்து. இவ்வளவுதான் வேலை. முதல் மூன்று நாள் பெருமிதமாக இருந்தது. ஐந்தாம் நாள் குளிராக இருந்தது. எட்டாம் நாள் ஞாயிறு. தமிழ் ஆராதனையில் பாட்டு நடத்தும் முறை என்னுடையது, விடியற்காலையிலேயே ஓடிவிட்டேன். இரண்டாம் பாட்டின் நடுவில் நினைவு வந்தது.

பத்து மணிக்கு மூச்சிரைக்க அறைக்கு வந்தேன். அவன் தானே எழுந்து, தானே மாத்திரையை விழுங்கிவிட்டு, துணி துவைத்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. மருந்து முடிந்த பிறகும் அந்த நாட்காட்டி கதவின் பின்னால் தொங்குகிறது. என்னுடைய பதினொரு நாளில் பத்துக் கட்டங்களில் என் எழுத்து இருக்கிறது. ஒன்றில் அவன் எழுத்து.